ஒற்றைப் பல், உடைந்த தாடை: எதுவரை நம்பலாம்?

தேடல் எழுதியது:

தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்கிரான்ஸ் குகையில் கிடைத்த, ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டுப் பழைய பரான்த்ரோபஸ் (அழிந்துபோன மனித உறவினம்) பற்களின் எனாமலில், அதாவது பல்லின் கடினமான வெளி உறையில், புரதம் பிரித்து எது ஆண், எது பெண் என்று 2025இல் சொல்லிவிட்டார்கள். அதே வகைப் பற்களை வைத்து என்ன தின்றன, எங்கே வளர்ந்தன என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இன்னொரு பக்கம், ஒரு தாடைத் துண்டை மனிதனின் மூதாதை என்று இருபது ஆண்டு பாடப்புத்தகத்தில் வைத்திருந்துவிட்டு ஓசையில்லாமல் எடுத்த வரலாறும் இருக்கிறது.

பல்லோ எலும்போ ஒரு துண்டுதான் கையில் என்றால், அதிலிருந்து சொல்வதில் எது கெட்டி, எது ஊகம்? "விஞ்ஞானிகள் கண்டறிந்தனர்" ரகப் பதில் வேண்டாம். எப்படி அளக்கிறார்கள், எங்கே தவறுகிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மெல்லுபல் எழுதியது:

முதலில் ஏன் பல் என்பதைச் சொல்லிவிடலாம். எனாமலில் எடைக்கு 96 விழுக்காடு கனிமம். எலும்பு அப்படியல்ல, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் கரிமப் பொருளும் நீரும். செத்த பிறகு கழுதைப்புலி எலும்பின் முனைகளை மென்றுவிடும், மழைநீர் உள்ளே புகும், மண்ணின் தாதுக்கள் ஊறும். எனாமலை யாரும் மெல்வதில்லை, எதுவும் எளிதில் ஊறுவதில்லை. ஜைகாண்டோபிதிகஸ் என்ற பெருங்குரங்குக்கு இன்றுவரை கிடைத்திருப்பவை நான்கு கீழ்த்தாடைகள், ஏறத்தாழ 2,000 தனிப் பற்கள். கை கால் எலும்பு ஒன்றுகூட இல்லை. 1935இல் ஃபான் கோனிக்ஸ்வால்ட் அதை முதலில் பார்த்ததே ஹாங்காங் மருந்துக்கடையில் "டிராகன் பல்" என்று விற்ற சரக்கில்தான்.

இரண்டாவது, எனாமல் ஒருமுறை வளர்ந்தால் வளர்ந்ததுதான். எலும்பு வாழ்நாள் முழுக்கத் தன்னைக் கரைத்துக் கரைத்துப் புதுப்பித்துக்கொள்ளும். எனாமலில் அந்த வேலையைச் செய்ய உயிரணுவே கிடையாது. குழந்தைப் பருவத்தில் எழுதிய பதிவு அப்படியே நிற்கும். நாளுக்கு ஒரு நுண்கோடு, சராசரியாக 4 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி. சில நாட்களுக்கு ஒருமுறை தடித்த கோடு ஒன்று. அதற்கு ரெட்சியஸ் கோடு என்று பெயர். அந்தத் தடித்த கோடுகள் பல்லின் வெளிப்பரப்பில் வந்து முட்டுமிடத்தில் மெல்லிய வரிப்பள்ளங்கள் தெரியும். பல்லை வெட்டாமலே அவற்றை எண்ணலாம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வெட்டுப்பல்லில் 130 வரிகள், ஒரு வரிக்கு 8 நாள் என்று வையுங்கள். 1,040 நாள்; 2 ஆண்டு 10 மாதம். இதோடு இரண்டைக் கூட்ட வேண்டும். ஒன்று, பிறந்த பிறகு அந்தப் பல் உருவாகத் தொடங்கும் வரையான மாதங்கள். இன்னொன்று, பல்லின் முனையில் ஒன்றின் மேல் ஒன்றாகப் புதைந்து, வெளியே வராமலே போன கோடுகளின் காலம். பலர் கோட்டை விடுவது இந்த இரண்டாவதில்தான். முனை தேய்ந்த பல்லாக இருந்தால் அந்தப் பகுதியே போயிருக்கும். அங்கே எண்ணிக்கை முடிந்து ஊகம் தொடங்கும்.

முதல் கடைவாய்ப்பல்லில் ஒரு வசதி. அது பிறப்பதற்குச் சற்று முன்பே வளரத் தொடங்கிவிடுவதால், பிறந்த நாளின் அதிர்ச்சி அதில் தனிக் கோடாகப் பதிந்திருக்கும். அங்கிருந்து எண்ணினால் பிறந்த தேதியே கையில் இருப்பது போல.

அரைகுறை எழுதியது:

எல்லாம் சரி, வரிக்கு 8 நாள்னு யார் போய்ப் பார்த்தாங்க? அதை நீங்களா வச்சுக்கிட்டா, வர்ற வயசும் நீங்களா வச்சதுதானே?

மெல்லுபல் எழுதியது:

நியாயமான கேள்வி. பல்லை வெட்டி 100 மைக்ரான் அளவுக்குத் தேய்த்து மெலிதாக்கி நுண்ணோக்கியில் பார்த்தால், இரண்டு தடித்த கோடுகளுக்கு நடுவில் எத்தனை நாள்கோடு என்று நேரடியாக எண்ணலாம். மனிதரில் அது 6 முதல் 12 வரை ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் ஒரே ஆளின் எல்லா நிரந்தரப் பற்களிலும் அதே எண். ஆகவே ஒரு பல்லில் கண்டால் போதும்.

சிக்கல், அரிய புதைபடிவத்தை வெட்ட அனுமதி கிடைக்காது என்பதுதான். அப்போது 7 என்றோ 9 என்றோ வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். மேலே சொன்ன 130 வரிக்கு 7 என்றால் 910 நாள், 9 என்றால் 1,170. வித்தியாசம் எட்டரை மாதம். சின்ன ஓட்டைதான், ஆனால் மூன்று வயதுக் குழந்தையின் கணக்கில் எட்டரை மாதம் பெரிது.

இப்போது பிரான்சின் கிரெனோபிளில் உள்ள சிங்க்ரோட்ரான் (மிகச் செறிந்த எக்ஸ்ரே தரும் பெரிய துகள்முடுக்கி) எக்ஸ்ரேயில் வெட்டாமலே மைக்ரானுக்கும் குறைந்த நுணுக்கத்தில் நாள்கோடுகளைப் பார்க்க முடிகிறது. மருத்துவமனை சி.டி. இதற்கு உதவாது, அதன் அரை மில்லிமீட்டர் நுணுக்கத்தில் நூறு நாள்கோடுகள் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும்.

கோடு எண்ணுவதால் என்ன மாறியது என்பதற்கு, தென்னாப்பிரிக்காவின் டாங் குழந்தையை, ஆஸ்ட்ரலோபிதிகஸ் என்ற பழைய மனித உறவினத்தின் மண்டையோட்டைப் பாருங்கள். 1924இல் சுண்ணாம்புக் குவாரியில் கிடைத்தது, 1925 பிப்ரவரியில் ரேமண்ட் டார்ட் வெளியிட்டார். முதல் கடைவாய்ப்பல் முளைத்திருந்ததால், நம் பிள்ளைகளைப் போல் ஆறு வயது என்றார். 1985இல் புரோமேஜும் டீனும் அதே வளர்ச்சி நிலையில் இருந்த ஆஸ்ட்ரலோபிதிகஸ் பற்களின் வரிகளை எண்ணியபோது மூன்றேகால் வயதை ஒட்டி வந்தது. சிம்பன்சிக்கு முதல் கடைவாய்ப்பல் முளைப்பதும் கிட்டத்தட்ட அந்த வயதில்தான். நிமிர்ந்து நடந்த உயிர், ஆனால் நம்மைப் போல நீண்ட குழந்தைப் பருவம் அதற்கு இல்லை. இதை எந்த எலும்பும் சொல்லியிருக்காது.

முழங்கால் எழுதியது:

எந்த எலும்பும் சொல்லியிருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பல்லையும் எலும்பையும் பக்கத்தில் வைக்கும்போதுதான் உண்மையான குடைச்சல் தொடங்கும். துர்கானா ஏரிக்கு மேற்கே நாரியோகோடோமேயில் 1984இல் கமோயா கிமேயு கண்டெடுத்த சிறுவன்: 15 லட்சம் ஆண்டுக்கு மேற்பட்ட ஹோமோ எரெக்டஸ், கிட்டத்தட்ட முழு எலும்புக்கூடு. மனிதக் குழந்தை அட்டவணையில் வைத்தால் பல் முளைத்த நிலை 11 வயது என்கிறது, எலும்பு முனைகள் ஒட்டிய நிலை 13 என்கிறது, உயரமோ 15 வயதுப் பையனுக்கானது. மூன்றும் ஒத்துவரவில்லை. எனாமல் கோடுகளை எண்ணினால் 8 வயதுச் சுற்று.

இதில் எதுவும் பிழையான அளவீடு அல்ல. அட்டவணைதான் பிழை. நம் குழந்தைகள் பத்து வயது வரை மெல்ல வளர்ந்து பிறகு சட்டென்று உயர்வார்கள். அந்தப் பாய்ச்சல் அவனுக்கு நம் அளவில் இல்லாமல் இருந்திருக்கலாம். இன்றைய மனிதனுக்கான அட்டவணையைப் பழைய எலும்பின் மேல் வைத்து வயது சொல்லும் எந்தச் செய்தியையும் சந்தேகத்தோடு படியுங்கள். கோடு எண்ணியது என்றால் நம்பலாம்.

சிவாலிக் எழுதியது:

தேடல் சொன்ன பாடப்புத்தகத் தாடை ராமாபிதிகஸ். நம் நாட்டில் கிடைத்தது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சிவாலிக் மலையடுக்கில், இன்றைய இமாச்சலப் பிரதேசத்தின் ஹரிதல்யாங்கரில் 1932இல் எட்வர்ட் லூயிஸ் என்ற யேல் பல்கலைக்கழக மாணவர் வலது மேல்தாடைத் துண்டு ஒன்றைக் கண்டார். சில பற்கள் மட்டும். 1934இல் ராமாபிதிகஸ் என்று பெயரிட்டார். 1961இல் எல்வின் சைமன்ஸ் அதைத் திரும்ப எடுத்தார். டேவிட் பில்பீமும் சேர்ந்துகொண்டார். மூன்று சான்று சொன்னார்கள். எனாமல் தடிமன். கோரைப்பல் சிறிது. பல்வரிசை நம்மைப் போல் வளைந்த வில்.

மூன்றாவதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் பிழை எப்படி நுழைகிறது என்று கண்ணால் காட்டலாம். கையில் இருப்பது வலப்பக்கம் மட்டும். இடப்பக்கம் வேண்டுமென்றால் கண்ணாடி பிம்பம் போலத் திருப்பி எதிரே வைக்க வேண்டும். எந்தக் கோட்டின் மேல் திருப்புவது? அண்ணத்தின் நடுக்கோட்டின் மேல். அந்த நடுக்கோடோ துண்டில் இல்லை. துண்டின் பின்முனையைச் சில பாகை வெளிப்புறம் சாய்த்தால் வில் கிடைக்கும், உள்ளே சாய்த்தால் குரங்கின் நேர்வரிசை கிடைக்கும். ஒரு காகிதத்தில் வளைந்த கோடு வரைந்து, சிறு கண்ணாடியை வெவ்வேறு சாய்வில் நிறுத்திப் பாருங்கள், எந்தத் தாடையையும் வரவழைக்கலாம். 1973இல் ஆலன் வாக்கரும் பீட்டர் ஆண்ட்ரூஸும் கென்யாவின் ஃபோர்ட் டெர்னான் துண்டுகளை வைத்து மறுபடி அமைத்தபோது வில் வரவில்லை. முன்புறம் குறுகிய, ஆங்கில வி எழுத்து போன்ற வரிசை வந்தது.

கோரைப்பல் சிறிது என்பதற்குக் காரணம் எளிது: அது பெண் குரங்கு. பக்கத்திலேயே பெரிய கோரைப்பல்லோடு கிடைத்ததை சிவாபிதிகஸ் என்று தனி இனமாக வைத்திருந்தார்கள். ராமனும் சிவனும் ஒரே இனத்தின் பெண்ணும் ஆணும் என்று முடிந்தது. பெயர் வைத்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

எனாமல் தடிமன்? சிவாலிக் குரங்குக்கும் தடிமன், நமக்கும் தடிமன். கடினமான உணவோ மண் படிந்த உணவோ தின்னும் எந்த வரிசையிலும் அது தனித்தனியாகத் தோன்றலாம். உறவுக்குச் சான்றாகத் தனியே நிற்காது.

இதற்கிடையே 1967இலேயே வின்சென்ட் சாரிச்சும் ஆலன் வில்சனும் ரத்தப் புரதத்தை ஒப்பிட்டு மனிதனும் சிம்பன்சியும் பிரிந்தது சுமார் 50 லட்சம் ஆண்டுக்கு முன்புதான் என்று சொல்லியிருந்தார்கள். ராமாபிதிகஸுக்கோ வயது ஒரு கோடிக்கும் மேல். எலும்புக்காரர்கள் பத்தாண்டுக்கு மேல் அதைக் காதில் வாங்கவில்லை. முடிவில் வழிக்கு வந்தது ஒரு முகத்தால். பாகிஸ்தானின் பொட்வார் மேட்டு நிலத்தில் கிடைத்த சிவாபிதிகஸ் முகத்தை 1982இல் பில்பீமே வெளியிட்டார். நெருங்கிய கண்குழிகள், உள்வளைந்த முகம், மூக்கின் அடித்தளம் வழுவழுப்பாக அண்ணத்துக்குள் இறங்கும் விதம், எல்லாம் ஒராங்குட்டான். தன் பழைய முடிவைத் தானே மாற்றி எழுதியதற்கு அவரைப் பாராட்ட வேண்டும்.

அரைகுறை எழுதியது:

அப்போ சிவாபிதிகஸ் ஒராங்குட்டானோட தாத்தான்னு முடிஞ்சுதா?

சிவாலிக் எழுதியது:

முடியவில்லை. 1990இல் அதே சிவாலிக்கிலிருந்து இரண்டு மேல்கை எலும்புகள் வெளியிடப்பட்டன. ஒராங்குட்டானைப் போலத் தொங்கும் கை அல்ல; கிளை மேல் நான்கு காலில் நடக்கும் விலங்கின் கை. முகம் ஒன்று சொல்கிறது, கை இன்னொன்று. இன்னும் அப்படியே நிற்கிறது.

பாறைத்தூள் எழுதியது:

சிவாலிக் எனாமல் தடிமனைச் சொன்னதால் ஒரு இடைச்செருகல். தடிமன் என்று படிக்கும்போது எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். வெட்டு சரியாக இரண்டு முன்முகடுகளின் கீழுள்ள டென்டின் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் பல் பொருள்) முனைகள் வழியாகப் போக வேண்டும். சற்றுச் சரிந்து வெட்டினால் எனாமல் செயற்கையாகத் தடித்துத் தெரியும். வாழைக்காயைச் சரித்து நறுக்கினால் வில்லை பெரிதாவது போலத்தான். இயற்கையாக உடைந்த பல்லின் உடைவுமுகத்தை அளந்து எழுதிய பழைய எண்களை நான் ஏற்பதில்லை. இப்போது மைக்ரோ சி.டி.யில் 20 முதல் 50 மைக்ரான் நுணுக்கத்தில் எடுத்து முப்பரிமாணத்தில் அளக்கிறார்கள். அதிலும் ஒரு பொறி: பல்லின் டென்டினில் கனிமம் ஊறி எனாமலின் அடர்த்திக்கே வந்துவிட்டால், படத்தில் இரண்டுக்கும் எல்லை தெரியாது. எல்லையைக் கையால் வரைவார்கள். அங்கே வரைபவரின் கை பேசும்.

இனி உணவு. 1959 ஜூலை 17 அன்று தான்சானியாவின் ஓல்டுவாயில் மேரி லீக்கி கண்டெடுத்த மண்டையோடு பரான்த்ரோபஸ் பாய்செய். கடைவாய்ப்பற்கள் நம்மைப் போல் இரு மடங்கு, தலை உச்சியில் தாடைத் தசை பற்ற எலும்பு முகடு. பாக்குவெட்டி மனிதன் என்ற பொருளில் செல்லப்பெயர் வைத்தார்கள். வடிவத்தைப் பார்த்தால் கொட்டை உடைக்கும் இயந்திரம்தான்.

முதல் அடி 2008இல். பல்லின் மேல்பரப்பில் உணவு விட்ட நுண்கீறல்களைப் பார்த்தார்கள். கொட்டையோ விதையோ உடைத்தால் குழிகள் விழும், புல்லோ இலையோ அரைத்தால் கோடுகள். பாய்செயில் குழியே அரிது, மெல்லிய கோடுகள். ஆனால் நுண்கீறலுக்கு நினைவு குறைவு. சில நாள், சில வாரத்தில் புதுக்கீறல் பழையதை அழித்துவிடும். செத்தது பஞ்சகாலத்திலா செழிப்பிலா என்று தெரியாமல் அதை வாழ்நாள் உணவு என்று சொல்லக் கூடாது.

இரண்டாம் அடி 2011இல், கார்பன் ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள். மரம், செடி, கிழங்கு, பழம், நெல் எல்லாம் ஒரு வகை ஒளிச்சேர்க்கை. வெப்பநிலப் புல், கோரை, சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு இன்னொரு வகை. முதல் வகையில் கனமான கார்பன்-13 குறைவு. இட்லியே தின்று வளர்ந்தவரையும் கம்பங்கூழே குடித்து வளர்ந்தவரையும் பல் பிரித்துக் காட்டிவிடும். எனாமலின் கார்பன்-13ஐ ஒரு நியமத்தோடு ஒப்பிட்டு வேறுபாட்டை எழுதுவார்கள்: முதல் வகை மட்டும் தின்றால் ஆயிரத்துக்கு −13 சுற்றி, இரண்டாம் வகை மட்டும் என்றால் +2 சுற்றி. பாய்செய் சராசரி −1.3. கணக்கு: −13இலிருந்து 11.7 தூரம், மொத்தம் 15. அதாவது 78 விழுக்காடு. வெளியான எண் 77. கொட்டை உடைப்பான் முக்கால்வாசி புல்லும் கோரையும் தின்றிருக்கிறது. தென்னாப்பிரிக்கச் சொந்தமான ரோபஸ்டஸ், அதே தாடை, அதே முகடு, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் அந்த வகை உணவு.

ஆக, பல்லின் வடிவம் எதைத் தின்ன முடியும் என்பதைச் சொல்கிறது. எதைத் தின்றது என்று சொல்ல வேதியியல் வேண்டும். அதற்கும் எல்லை உண்டு: புல்லைத் தின்றதா, புல் தின்ற விலங்கைத் தின்றதா என்று கார்பன் பிரித்துச் சொல்லாது.

தேடல் எழுதியது:

மாதிரி எடுக்கும்போது என்ன கெடும்? இதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

பாறைத்தூள் எழுதியது:

நிறையக் கெடும். வைரமுனைத் துளைப்பானால் 2 முதல் 5 மி.கி. எனாமல் தூள் எடுப்பார்கள். டென்டின் கலந்துவிட்டால் மண்ணின் கார்பன் உள்ளே வரும். நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நிறுத்த வேண்டும். பிறகு கரிமப் பொருளைப் போக்க ஹைட்ரஜன் பெராக்சைடோ சோடியம் ஹைப்போகுளோரைட்டோ, படிந்த கார்பனேட்டைப் போக்க 0.1 மோலார் அசிட்டிக் அமிலம். அமிலத்தில் அதிக நேரம் விட்டால் சொந்தக் கார்பனேட்டும் கரைந்து தூள் பாதியாகும், எண்ணும் நகரும். அதன் பின் பாஸ்பாரிக் அமிலத்தில் கார்பன் டை ஆக்சைடாக்கி நிறமாலைமானிக்கு.

எந்தப் பல் என்பதும் முக்கியம். முதல் கடைவாய்ப்பல் தாய்ப்பால் காலத்தில் வளர்ந்தது. அதை எடுத்தால் தாயின் உணவும் கலந்து வரும். ஞானப்பல் பாதுகாப்பு. இன்றைய விலங்கோடு ஒப்பிடும்போது, நிலக்கரி எரித்து நாம் காற்றின் கார்பனையே மாற்றிவிட்டதால் சுமார் 1.5 அலகு திருத்தம் போட வேண்டும். அதே படுகையில் கிடைத்த வரிக்குதிரைப் பல்லையும் ஒட்டகச்சிவிங்கிப் பல்லையும் கூடவே அளப்பது கட்டாயம். புல் தின்னிக்கும் இலை தின்னிக்கும் வேறுபாடு தெரியவில்லை என்றால் மண்ணில் எல்லாம் கலந்துவிட்டது என்று பொருள். அந்த இடத்தின் மனிதப் பல் எண்ணையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

தாய்ப்பாலைப் பகையாகவே பார்க்க வேண்டாம். தாய்ப்பால் வழியாகப் பல்லில் சேரும் பேரியத்தை அளந்தால் அதுவே சான்று. பெல்ஜியத்தின் ஸ்க்லாடினா நியாண்டர்தால் குழந்தையின் கடைவாய்ப்பல்லில் கோடு கோடாகப் பேரியம் அளந்து, ஏழு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணையுணவோடு இன்னும் ஏழு மாதம், அதற்குப் பின் திடீர் நிறுத்தம் என்று 2013இல் சொன்னார்கள். ஒரே ஒரு குழந்தை. அதை வைத்து "நியாண்டர்தால்கள் 14 மாதத்தில் பால் மறக்கடித்தார்கள்" என்று தலைப்புப் போட்டவர்களை என்ன சொல்வது.

மெல்லுபல் எழுதியது:

தேடல் தொடக்கத்தில் சொன்ன புரத ஆய்வுக்கு வருகிறேன், ஏனென்றால் அது பழைய முடிவு ஒன்றை உரசுகிறது. 2011இல் ஸ்டெர்க்ஃபான்டைன், ஸ்வார்ட்கிரான்ஸ் பற்களில் 19 உயிர்களின் ஸ்ட்ரான்ஷியம் அளந்தார்கள். நிலத்தின் பாறைக்கேற்ப ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்பு மாறும். குழந்தையில் வளர்ந்த இடத்தின் முத்திரை எனாமலில் நிற்கும். பெரிய பற்கள் பெரும்பாலும் உள்ளூர், சிறிய பற்களில் பாதிக்கும் மேல் வெளியூர். பெரியது ஆண், சிறியது பெண் என்று வைத்து, பெண்கள்தாம் பிறந்த கூட்டத்தை விட்டு வேறிடம் போனார்கள் என்றார்கள். கிட்டத்தட்ட நம் ஊர்க் கல்யாணம் போல.

அளவீட்டில் குறையில்லை. பெரியது ஆண் என்ற படிதான் மெலிது. 2025 ஆய்வில் நான்கு ரோபஸ்டஸ் பற்களின் எனாமலில் அமெலோஜெனின் புரதம் தேடினார்கள். அதன் ஒரு வடிவம் ஒய் குரோமோசோமில் மட்டும் இருப்பது. அது கிடைத்தால் ஆண், ஐயமில்லை. அளவு பார்த்துப் பெண் என்று நினைத்திருந்த ஒன்று ஆணாக வந்தது. நான்கில் ஒன்று பிழை என்றால் 19இல் எத்தனை என்று கேட்கத்தான் தோன்றும்.

எதிர்த்திசையில் கவனம் வேண்டும். அந்த வடிவம் கிடைக்கவில்லை என்பதாலேயே பெண் என்று ஆகாது. புரதம் சிதைந்தும் இருக்கலாம். எக்ஸ் வடிவம் போதுமான அளவு கிடைத்து, அதற்கு ஒப்ப ஒய் வடிவம் எதிர்பார்க்கக்கூடிய நிலையிலும் காணவில்லை என்றால்தான் பெண் என்று எழுதலாம்.

முழங்கால் எழுதியது:

இழை முழுக்கப் பல் மணக்கிறது. எலும்புக்கு ஒரு வார்த்தை.

நடையைப் பல் சொல்லாது. 1973இல் எத்தியோப்பியாவின் ஹதாரில் டொனால்ட் ஜோஹான்சன் கண்ட முழங்கால் மூட்டு, சுமார் 34 லட்சம் ஆண்டு. அடுத்த ஆண்டு நவம்பர் 24இல் அதே ஹதாரில் லூசி என்ற ஆஸ்ட்ரலோபிதிகஸ் எலும்புக்கூடு. முழங்காலில் பார்ப்பது ஒரு கோணம். நம் தொடை எலும்பு இடுப்பிலிருந்து நேராக இறங்காமல் உள்நோக்கிச் சாய்ந்து, முழங்கால்கள் உடலின் நடுக்கோட்டுக்குக் கீழே வரும். ஒரு காலை எடுக்கும்போது மற்றக் கால் எடையைத் தாங்க இது வேண்டும். நமக்கு 8 முதல் 11 பாகை, சிம்பன்சிக்கு 1 முதல் 2. ஹதார் முழங்காலில் நம்மைப் போன்ற சாய்வு.

இந்தக் கோணம் ஏன் கெட்டிச் சான்று என்றால், அது பிறப்பில் இல்லை. குழந்தை நடக்க நடக்கத்தான் எலும்பு சாய்ந்து வளரும். நடக்கவே முடியாத குழந்தைகளுக்கு அது உருவாவதில்லை. மூதாதையிடமிருந்து சும்மா ஒட்டிக்கொண்டு வந்த பண்பு என்று தள்ள முடியாது. நடந்திருந்தால்தான் இருக்கும். விரல் எலும்பின் வளைவும் அப்படித்தான், கிளையில் தொங்கினால் வளைவு கூடும். லூசியின் இனத்துக்கு விரல் வளைந்தும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எலும்பின் பொறி நசுங்கல். லூசியின் இடுப்பெலும்பு உடைந்து, தவறான நிலையில் ஒட்டிப் புதைந்திருந்தது. ஓவன் லவ்ஜாய் அதன் அச்சுப்பிரதியைத் துண்டு துண்டாக அறுத்து மறுபடி பொருத்தினார். அறுக்காமல் படித்திருந்தால் குரங்கு இடுப்பு. அர்டியின், அதாவது 44 லட்சம் ஆண்டு அர்டிபிதிகஸின், இடுப்பு அதைவிட மோசம், கணினியில் மீட்டெடுத்தது. அந்த இடுப்பிலிருந்து சொல்லும் நடையை நான் முழுதாக நம்பவில்லை. அதே அர்டியின் கோரைப்பல்லை நம்புவேன்: குரங்குகளில் மேல் கோரைப்பல் கீழ் முன்கடைவாய்ப்பல்லோடு உரசி உரசித் தீட்டிக்கொள்ளும், கத்தியைச் சாணையில் பிடிப்பது போல. அர்டியில் அந்தச் சாணை இல்லை. கோரைப்பல் முனையிலிருந்து மழுங்கியிருக்கிறது. ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் கிடைத்த 70 லட்சம் ஆண்டு டூமாய் மண்டையோட்டிலும் அப்படியே. டூமாயின் தொடை எலும்பு பற்றி மட்டும் 2020இல் ஒரு குழு நடக்கவில்லை என்றும் 2022இல் இன்னொரு குழு நடந்தது என்றும் எழுதின. இரு முனையும் மெல்லப்பட்ட தண்டு. முழங்கால் கோணம் அளக்க வேண்டிய இடமே இல்லை.

அரைகுறை எழுதியது:

இவ்வளவு சூட்சுமம் இருந்தா பில்ட்டவுன்ல 40 வருஷம் எப்படி ஏமாந்தாங்க?

மெல்லுபல் எழுதியது:

1912 முதல் 1953 வரை, இங்கிலாந்தின் பில்ட்டவுனில் கிடைத்ததாகச் சொன்ன போலி மூதாதை. மனித மண்டையோட்டுக்கு ஒராங்குட்டான் தாடை. செய்தவன் விவரமானவன்: காட்டிக்கொடுக்கும் இரண்டு இடங்களை, தாடை மண்டையோடு சேரும் குமிழையும் முன்னாலுள்ள மோவாய்ப் பகுதியையும், உடைத்து எடுத்துவிட்டான். பற்களை அரத்தால் ராவினான். இயற்கைத் தேய்மானத்தில் மென்மையான டென்டின் சுற்றியுள்ள எனாமலைவிடக் குழிந்து போகும். இங்கே இரண்டும் ஒரே மட்டம். பக்கத்துப் பக்கத்துக் கடைவாய்ப்பற்களின் தேய்வுத் தளம் வெவ்வேறு சாய்வில் இருந்தது. ஒரே வாயில் மென்றால் அப்படி வராது. கோரைப்பல்லோ கடுமையாகத் தேய்ந்தது, ஆனால் எக்ஸ்ரேயில் உள்ளறை இன்னும் மூடாத இளம்பல். கைக்கண்ணாடி போதும். 1949இல் கென்னத் ஓக்லி புளோரின் அளந்து எலும்புகள் பழையவை அல்ல என்று காட்டிய பிறகுதான் கண்ணாடியை எடுத்தார்கள். அசல் அதுவரை பெட்டியில். பெரும்பாலோர் அச்சுப்பிரதியைத்தான் பார்த்தார்கள். அச்சில் அரத்தின் கீறல் தெரியாது.

தேடல் எழுதியது:

கடைசியாக ஒன்று. அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுக் கைக்கோடரி இருக்கிறது. பிடித்த கை எங்கே?

சிவாலிக் எழுதியது:

மண்தான் பதில். சென்னைக்கு வடமேற்கே கொசஸ்தலையாற்றுப் படுகை செம்புரைக்கல் சார்ந்த மண், எலும்பு தங்காது. அங்கே பல்லாண்டு அகழாய்வில் சாந்தி பப்பு குழுவுக்குக் கிடைத்த புதைபடிவங்கள் சில விலங்குப் பற்கள், அவ்வளவே. மெல்லுபல் முதல் பதிலில் சொன்னதற்கு இதைவிடப் பக்கத்து எடுத்துக்காட்டு இல்லை. இந்தியாவில் பழைய மனிதனுக்கு முக்கியச் சான்று 1982இல் நர்மதைக் கரை ஹத்னோராவில் அருண் சோனாக்கியா கண்ட மண்டையோட்டு மூடி. பல் இல்லை, அதனால்தான் எந்த இனம் என்ற சண்டை ஓயவில்லை.

இலங்கை வேறு. குகைகளின் காய்ந்த படிவில் பல்லும் எலும்பும் நிற்கின்றன. பட்டதொம்பலென உள்ளிட்ட இடங்களின் மனிதப் பற்களில் கார்பன் அளந்து, 20,000 ஆண்டுக்கு முன்பே மழைக்காட்டை நம்பி வாழ்ந்தார்கள் என்று 2015இல் காட்டினார்கள்.

பாறைத்தூள் எழுதியது:

இழையைப் படிப்பவர்களில் யாராவது அகழாய்வுக்குப் போவார்கள் என்றால், ஒரு பல் கிடைத்தால் வேலை வரிசை இது. வெறுங்கையால் தொடாதீர்கள், புரதத்தில் உங்கள் தோலின் கெரட்டின் வந்து உட்காரும். தூரிகையால் தேய்க்காதீர்கள், நுண்கீறல் போய்விடும்; பஞ்சில் ஆல்கஹால் தொட்டு ஒற்றி எடுங்கள். எலெக்ட்ரான் சுழல் முறையில் (பல்லில் சேர்ந்த இயற்கைக் கதிர்வீச்சை அளந்து) வயது கணிக்க ஒரு சில்லு வேண்டுமென்றால் அதை எக்ஸ்ரேக்கு முன் ஒதுக்கி வையுங்கள், சி.டி.யின் கதிர்வீச்சு வயதைக் கூட்டிவிடும். பிறகு மைக்ரோ சி.டி., பிறகு சிலிக்கான் அச்சு, கடைசியில்தான் துளைப்பான். எலும்பு உதிர்கிறதே என்று உடனே பாரலாய்டு பி-72 என்ற பிசினைப் பூசினால் ஐசோடோப்பு ஆளும் புரத ஆளும் உங்களைத் திட்டுவார்கள்.

முழங்கால் எழுதியது:

உதிரும் எலும்புக்குப் பூசாமல் விட்டால் திட்ட எலும்பே இருக்காது. அசிட்டோனில் 5 விழுக்காட்டுக் கரைசலாக, பூச வேண்டிய இடத்தில் மட்டும். ஒரு ஓரத்தைப் பூசாமல் விட்டு, எந்த ஓரம் என்று பெட்டியின் மேல் எழுதுங்கள்.

பாறைத்தூள் எழுதியது:

சரி, பல்லுக்கு நான் சொன்னது, எலும்புக்கு நீங்கள் சொன்னது. பெட்டியில் எழுதுவதைப் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். மை பட்டால் அசிட்டோனில் கரைந்து எலும்பில் ஏறும்.